தோட்டத்தைக் கூறு போட்ட காலம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் என்றதும் வரலாற்றுப் பாடப் புத்தகம் ஒரே ஒரு காலைப் பொழுதைத்தான் சொல்லும். 1948 ஜூன் 16. எல்ஃபில் தோட்டத்துத் துரை ஆர்தர் வாக்கர் தன் ஆபீசிலேயே கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்று இன்னும் இருவர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது. பேராக்கில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் இது மனப்பாடம்.

அதே பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், அதே பால்மர (ரப்பர்) காடுகளில், இன்னொன்றும் நடந்தது. அதில் துப்பாக்கி இல்லை. குறித்து வைக்க ஒரு தேதி இல்லை. நில அலுவலகத்தில் பத்திரம் கைமாறியது, அளவைக்காரர் வந்து கல் நட்டார், தோட்டத்துக் கணக்கரான கிராணி சம்பளப் புத்தகத்தை மூடினார். அவ்வளவுதான். பெரிய தோட்டங்களைக் கூறு போட்டு விற்ற இதற்குத் தொழிற்சங்கக்காரர்களும் தமிழ்ப் பத்திரிகைகளும் தோட்டத் துண்டாடல் என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தலைமுறை போனதோடு பெயரும் பேச்சிலிருந்து போய்விட்டது.

தோட்டத்துத் தமிழர் இன்று வீட்டு மனை இல்லாமல், கோவில் நிலத்துக்குப் பட்டா இல்லாமல், பள்ளிக்கூடத்துக்குச் சொந்த இடம் இல்லாமல் நிற்பதைப் பற்றிப் பேசும்போது, செம்பனையையும் (எண்ணெய்ப் பனை) வீடமைப்புத் திட்டங்களையும் காரணம் காட்டுகிறோம். அவையும் காரணம்தான். ஆனால் பிரச்சினை வேர் விட்டது அதற்கெல்லாம் முன்னால், 1950களில் தோட்டங்களைக் கூறு போட்டு விற்றபோது. அதை எதிர்த்துத் தொழிலாளிகள் செய்ததும் சாதாரணக் காரியம் அல்ல. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் சுங்கை சிப்புட்டின் கதை முழுமையாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

துண்டாடல் என்ன செய்தது என்று புரிய, அதற்கு முன் தோட்டம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் ஏக்கர் பால்மரம். நடுவில் வரிசை வரிசையாக லயன் வீடுகள். விடியுமுன் ஆள் கூடும் பெரட்டுக் களம், ஆபீஸ், பால் ஸ்டோர், கைப்பிள்ளைகளை விட்டுப் போக ஆயாக் கொட்டகை, மருந்து கொடுக்க ஒரு டிரஸ்ஸர், ஒரு தமிழ்ப் பள்ளி, ஒரு மாரியம்மன் கோவில், ஒரு சுடுகாடு. இவற்றில் பல துரையின் தயவால் வந்தவை அல்ல. வீடு, தண்ணீர், மருத்துவம் எல்லாம் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் மேல் சுமத்திய கடமைகள். 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு முதல் பதினான்கு வயது வரை பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் ஒரு பள்ளி நடத்தியாக வேண்டும். பல இடங்களில் அந்தப் பள்ளி ஓர் அத்தாப்பு (ஓலை) கொட்டகையும் ஓய்வு நேரத்தில் பாடம் சொன்ன கிராணியுமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இல்லை.

அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கூலி குறைவு, கடன் அதிகம், தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை, துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். ஆனாலும் ஒரு மனிதன் பிறந்து, படித்து, கல்யாணம் கட்டி, செத்துப் புதைய வேண்டிய எல்லாமே அந்த எல்லைக்குள் இருந்தது. அத்தனையும் இருந்தது கம்பெனியின் பெயரில். ஒரு முழக்கயிறு நிலம்கூடத் தொழிலாளியின் பெயரில் இல்லை. வேலை போனால் வீடு போகும். தோட்டமே கைமாறினால் எல்லாம் போகும்.

சரி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஏன் விற்றன? 1950–51இல் கொரியப் போர் வந்து ரப்பர் விலை கண்டபடி ஏறியது. போர் தணிந்ததும் இறங்கியது. செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்துவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் நட்ட மரங்கள் கிழடு தட்டியிருந்தன. வெட்டிவிட்டுப் புதுக் கன்று நட்டால் பால் பார்க்க ஆறேழு வருஷம் ஆகும், அதுவரை கையிலிருந்து செலவு. ஒரு பக்கம் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், மறுபக்கம் சுதந்திரம் வந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். லண்டனில் உட்கார்ந்திருந்த பங்குதாரர்களுக்கு இது போதும்.

இதோடு ஒரு பணக் கணக்கும் சேர்ந்தது. லண்டன் பங்குச் சந்தையில் சில ரப்பர் கம்பெனிகளின் பங்கு விலை, அவற்றின் நிலத்தை மலாயாவில் சில்லறையாக விற்றால் கிடைக்கும் விலையைவிடக் குறைவாக இருந்தது. முழு ஆட்டை வாங்கிக் கூறு போட்டு விற்பவருக்கு லாபம் எங்கே என்று தெரியும் அல்லவா, அதே கதைதான். கையில் முதல் உள்ளவர்கள் கூட்டுச் சேர்ந்து முழுத் தோட்டத்தையும் வாங்கினார்கள். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர், ஐம்பது ஏக்கர் என்று அளந்து விற்றார்கள். நிலத்தில் எந்த வேலையும் செய்யாமலே பணம் வந்தது. வாங்கியவர்களில் சீனர்கள் அதிகம் என்பது உண்மை. ஆனால் செட்டியார்களும் இந்திய வியாபாரிகளும் மலாய்க்காரர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. இதை ஒரே இனத்தின் தலையில் கட்டிவிட்டுப் போவது நியாயம் இல்லை. நம் ஆட்களும் வாங்கினார்கள், விற்றார்கள், லாபம் பார்த்தார்கள்.

ஏன் சின்னச் சின்னத் துண்டு? இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மலாயாவில் 100 ஏக்கர் இருந்தால்தான் அது எஸ்டேட். அதற்குக் கீழே போனால் சிறு தோட்டம். சிறு தோட்டக்காரருக்கு 1950களில் தொடங்கிய மறுநடவு நிதியிலிருந்து மானியம் கிடைக்கும். ஆள் வைத்து வேலை வாங்கினாலும் அவருக்கு ஆயாக் கொட்டகை, டிரஸ்ஸர், பள்ளி என்று ஒரு தொல்லையும் கிடையாது. 1954இல் உருவான தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிகள் சங்கத்தோடு பேசி முடித்த கூலி ஒப்பந்தம், அந்தச் சங்கத்திலேயே இல்லாத இந்தப் புது முதலாளிகளைக் கட்டுப்படுத்தாது. ஆயிரம் ஏக்கரை இருபது பேர் பிரித்துக்கொண்டால், நிலத்தோடு சேர்ந்து சட்டப் பொறுப்பும் இருபதாகப் பிரிவதில்லை. பொறுப்பு அப்படியே காணாமல் போகிறது.

1950களிலும் 60களிலும் இப்படிக் கூறு போடப்பட்டது இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேல். 1960களின் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் பேராசிரியர் உங்கு அஜிஸ் தலைமையில் ஒரு பெரிய ஆய்வே நடந்தது. துண்டாடலால் தொழிலாளிகள் வேலையும் வீடும் இழந்தார்கள், வசதிகள் குலைந்தன, நாட்டுக்கும் அதனால் நன்மை இல்லை என்ற பக்கம்தான் அந்த ஆய்வு நின்றது. அறிக்கை வந்தது, விவாதம் நடந்தது, விற்பனையும் நடந்துகொண்டே இருந்தது.

இதெல்லாம் ஏட்டில் உள்ள சங்கதி. லயத்துக்குள் இருந்து பார்த்தவர்களுக்கு இது வேறு மாதிரி தெரிந்தது. என் பாட்டி சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தப் பெயரில் இன்று எந்தத் தோட்டமும் இல்லை. துண்டாடல் என்ற சொல்லையே அவர் பயன்படுத்தியதில்லை. "கல்லு நட்டப்போ" என்பார். எங்கள் வீட்டில் காலக் கணக்கே அப்படித்தான். பெரியப்பா பிறந்தது ஜப்பான்காரன் காலத்தில், அத்தை பிறந்தது அவசரகாலத்தில், அப்பா பள்ளியை விட்டது கல்லு நட்டப்போ.

அவர் சொன்னதில் எனக்கு மறக்கவே மறக்காத ஒன்று நிறை பற்றியது. பால் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் நானூறு, ஐந்நூறு மரம் கொண்ட ஒரு நிறை உண்டு. எந்த மரத்தில் பால் பொழியும், எது சோம்பேறி மரம், எந்த மரத்தடியில் பூரான் இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒரு நாள் அளவைக்காரர் இரண்டு ஆட்களோடு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பாட்டியின் நிறைக்குள் வந்தார். கல் நட்டார். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நின்ற மரங்களில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். கோடு அவர் நிறையின் நடுவே போயிற்று. அடுத்த மாதத்திலிருந்து கோட்டுக்கு இந்தப் பக்கத்து மரம் ஒரு முதலாளிக்கு, அந்தப் பக்கத்து மரம் இன்னொருவருக்கு. இரண்டு வாளி வைத்துக்கொண்டு வெட்டினார். ஒரு வாளிப் பாலை ஒரு லாரியிலும் மற்றதை வேறு லாரியிலும் ஊற்ற வேண்டும். இரண்டு லாரியும் வேறு வேறு நேரத்துக்கு வரும். முதலில் வரும் லாரிக்குப் பால் சேர்ந்திருக்காது. அடுத்த லாரி வருவதற்குள் பால் கட்டிவிடும். கட்டிய பாலுக்குப் பாதி விலைதான்.

பெரட்டு நின்றுபோனது. புது முதலாளிகள் தோட்டத்தில் குடியிருப்பவர்கள் அல்ல. டவுனில் கடை வைத்திருப்பவர்கள். அவர்கள் ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தார்கள், காண்ட்ராக்டர் ஆளைப் பிடித்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு முச்சந்தியில் நின்றால் டார்ச் லைட்டை முகத்தில் அடித்து, நீ வா, நீ வா என்று பொறுக்குவார். வயதான பெண்களின் முகத்தில் அடித்த வெளிச்சம் சட்டென்று அடுத்தவர் மேல் போய்விடும். பாட்டிக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்த டார்ச் வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது அவர் கையை உயர்த்திக் கண்ணை மறைத்துக்கொள்வார். அப்படி நூறு முறையாவது பார்த்திருப்பேன்.

மரங்களும் தப்பவில்லை. சில வருஷத்தில் வெட்டித் தள்ளிவிட்டு மானியம் வாங்கப் போகிறவருக்குப் பட்டையைக் காப்பாற்றி என்ன ஆக வேண்டும்? மரத்தின் இரண்டு பக்கமும், ஏணி வைத்து மேலேயும், ஒரு நாள்கூட விடாமல் வெட்டச் சொன்னார்கள். பட்டைக்குள் கத்தி போய் மரம் புண்ணானால் முன்பு கங்காணி திட்டுவார். இப்போது திட்ட ஆளில்லை. பாட்டிக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. கூலி குறைந்ததைக்கூட அவர் அவ்வளவு வருத்தத்தோடு சொன்னதில்லை.

லயன் வீடு இருந்த துண்டு யாருக்குப் போனதோ அவருக்கு அது தேவையில்லாத சுமை. ஆளைக் காலி செய்யச் சொல்வது, மறுத்தால் கூரைத் தகரத்தை உருவுவது. கிணறு ஒருவர் நிலத்தில், கோவில் வேறொருவர் நிலத்தில், சுடுகாட்டுக்குப் போகும் பாதை மூன்றாமவர் நிலத்தில். பள்ளி கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. பிள்ளைகள் குறைந்து குறைந்து, கடைசியில் ஆசிரியரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். நாடு சுதந்திரம் அடைந்த 1957இல் தமிழ்ப் பள்ளிகள் 880க்கும் மேல். இன்று ஏறத்தாழ 530. இந்த இறக்கத்தைப் பெற்றோர் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பாததால் வந்தது என்று மட்டும் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். காலுக்குக் கீழே இருந்த நிலத்தை விற்றுவிட்டால் பள்ளி எங்கே நிற்கும்?

என் தாத்தாவும் பாட்டியும் டவுன் ஓரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், பலகையும் தகரமும் வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். அது யாருடைய நிலம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இருபது முப்பது ஆண்டு கழித்துக் கேட்டார்கள். அரசாங்கக் காகிதத்தில் எங்கள் குடும்பம் அப்போதுதான் முதல் முறையாகப் புறம்போக்குக் குடியிருப்பாளர் ஆனது. மலேசிய டவுன்களின் ஓரத்தில் இருந்த, இருக்கிற தமிழ்க் கம்பங்கள் (குடியிருப்புகள்) பலவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இப்படி ஒரு விற்கப்பட்ட தோட்டம் கிடக்கும்.

இப்போது கதையின் மறுபக்கம். அதுவும் சுங்கை சிப்புட்டோடு ஒட்டியதுதான்.

வீ.தி. சம்பந்தன் பிறந்தது 1919 ஜூன் 16, இதே சுங்கை சிப்புட்டில். எல்ஃபிலில் வாக்கர் சுடப்பட்ட அன்று அவருக்கு இருபத்தொன்பதாவது பிறந்தநாள். இதைக் கவனித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை. ஒரே ஊர், ஒரே நாள். ஒன்றைப் பாடப் புத்தகம் பிடித்துக்கொண்டது. அவருடைய அப்பா வீராசாமி 1890களில் தமிழ்நாட்டிலிருந்து வந்து, இங்கே ரப்பர் தோட்டம் போட்டு முன்னேறியவர். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார். அதைத் திறந்து வைக்க நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்தார். 1955 முதல் 1973 வரை ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவர். சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையிலிருந்து 1974 வரை அமைச்சர்.

அவர் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை என்பதை மறைக்கத் தேவையில்லை. சொல்லப்போனால் அதனால்தான் அவருக்கு இந்த வழி தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். தோட்டம் என்பது விலைக்கு வரும் ஒரு பொருள், அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது லயத்தில் பிறந்தவனுக்குக் கனவிலும் வராத எண்ணம். முதலாளி வீட்டில் வளர்ந்தவருக்கு அது சாதாரணம். விற்கிறார்களா? சரி, நாமே வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு 100 வெள்ளி (மலாயா டாலர்). மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம்.

அந்தப் பத்து வெள்ளியை இன்றைய கணக்கில் பார்க்கக் கூடாது. பால் வெட்டுக்காரரின் நாள் கூலி அப்போது மூன்று வெள்ளியை ஒட்டித்தான். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. ஆக, பத்து வெள்ளி என்றால் மூன்று நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு. சம்பளத்தன்று மளிகைக் கடைக் கடனைக் கட்டி, ரொட்டிக்காரருக்குக் கொடுத்து, சீட்டுப் பணம் போட்டுவிட்டு மிச்சம் பார்த்தால் பத்து வெள்ளி கையில் இருக்காது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பெரட்டுக் களத்திலும் கோவில் வாசலிலும் நின்று, இந்தப் பணத்தைக் கேட்டார். மந்திரி ஒருவர் தொழிலாளியிடம் பணம் கேட்டு வருவது அவர்களுக்குப் புதுசு. கொடுத்தார்கள். பல்லாயிரம் பேர் கொடுத்தார்கள்.

கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டம். அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் கல் நடவில்லை. லயம் நிலைத்தது, பள்ளி நிலைத்தது, பெரட்டும் தொடர்ந்தது. மந்திரியாக இருந்த காலத்தில் அவர் செய்த காரியங்களில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

என் பாட்டியும் அந்தப் பங்கு வாங்கியவர்தான். பணம் கட்டிய ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னுக்குள், கல்யாணப் பத்திரிகைகளுக்கும் தாத்தாவின் பழைய அடையாள அட்டைக்கும் நடுவே, ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். அவர் கட்டத் தொடங்கியபோது அவருடைய தோட்டம் ஏற்கெனவே துண்டாகிவிட்டது. அவருக்கு மீட்க ஒன்றும் இல்லை. டவுன் ஓரத்துப் பலகை வீட்டில் இருந்துகொண்டு, ஆட்டுக்குட்டி விற்ற காசில், முன்பின் பார்த்திராத ஏதோ ஒரு தோட்டத்தை வாங்க மாதாமாதம் பத்து வெள்ளி கட்டினார். ஏன் பாட்டி என்று கேட்டால் "எல்லாரும் கட்டுனாங்க, நாங்களும் கட்டுனோம்" என்பார். அதற்கு மேல் ஒரு விளக்கமும் கிடைக்காது. ரசீதுகளில் நடுநடுவே மாதங்கள் விட்டுப் போயிருக்கின்றன. அடுத்த ரசீது இருபது வெள்ளிக்கு இருக்கும். விட்ட மாதத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். கையெழுத்துப் போடத் தெரியாதவர், ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்காமல் முடித்திருக்கிறார்.

சங்கத்தால் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் கைமாறிய நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கம் வாங்கியது சிறு பங்குதான். சந்தை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 1960கள் முழுக்க ரப்பர் விலை இறங்குமுகமாக இருந்தது. தவிர, பங்குதாரர் ஆனதால் ஒருவருக்குத் தான் குடியிருக்கும் வீடு சொந்தமாகிவிடாது. தோட்டம் கூட்டுறவின் பெயரில், வீடு தோட்டத்தின் பெயரில். இந்த முடிச்சை அவிழ்க்காமல் விட்டதுதான் அந்த முயற்சியின் பெரிய குறை என்பேன். கூட்டுறவாக வாங்கிய நிலத்தில் ஆளுக்கு ஒரு மனையையும் அப்போதே எழுதிக் கொடுத்திருந்தால் அடுத்த தலைமுறையின் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

துண்டாடலால் சிதறியவர்கள் மேல் அடுத்த அடி 1969இல் விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று முந்தைய ஆண்டு ஒரு சட்டம் வந்திருந்தது. 1969இல் அது கடுமையாக அமலானது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் திணறிப்போனார்கள். பிறப்புச் சூரா (பிறப்புச் சான்றிதழ்) இல்லை, மனுப் போடத் தெரியவில்லை, மனுப் பாரம் நிரப்பிக் கொடுக்க ஆளில்லை என்று குடியுரிமை எடுக்காமல் விட்டவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தார்கள். முழுத் தோட்டத்தில் வேலை செய்தவருக்கு ஆபீசில் பெயராவது இருந்தது. காண்ட்ராக்டரின் டார்ச் வெளிச்சத்தில் வேலைக்குப் போனவருக்கு எந்தக் கணக்கிலும் பெயர் இல்லை. அவருக்காக யார் சிபாரிசு செய்வார்கள்? அந்தக் காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். எங்கள் சின்னத் தாத்தா குடும்பமும் பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறியது. நாகப்பட்டினத்தில் இறங்கி, முப்பது வருஷத்துக்கு முன் விட்டுவந்த ஊரைத் தேடிப் போனார்கள். பிள்ளைகளுக்கு அந்த ஊர்ப் பேச்சு விளங்கவில்லை என்று நீலக் கடிதத்தில் எழுதியிருந்தார். தங்களுக்குள் ரகசியம் பேச அவர்கள் மலாய் பேசுவார்களாம்.

ஏன் அரசாங்கம் துண்டாடலை நேரடியாகத் தடுக்கவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரம். கூட்டரசு மந்திரி சபையில் ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தாலும் பேராக்கிலோ கெடாவிலோ ஒரு பத்திரப் பதிவை நிறுத்த அவரால் முடியாது. மீதிப் பதில் பணம். விற்றவரும் வாங்கியவரும் இடையில் நின்றவரும் வசதியானவர்கள். பிறகு ஒருவழியாக 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்துக் கைமாற்ற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். 40 ஹெக்டர் என்றால் கிட்டத்தட்ட அதே பழைய 100 ஏக்கர்தான். வரவேண்டிய சட்டம், ஆனால் தாமதமாக வந்தது. ஏற்கெனவே ஐந்தும் பத்துமாகப் பிரிந்து கிடந்த நிலத்தை அது ஒன்றும் செய்யாது. அங்கிருந்து வெளியேறியவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கோவில் தகராறுகளின் மூலமும் பல இடங்களில் இதுதான். செய்தியில் வருவது, நூறாண்டுக் கோவில், இப்போது யாரோ ஒருவரின் தனியார் நிலத்தில் இருக்கிறது என்பது. கேட்பவருக்கு, அடுத்தவன் நிலத்தில் போய்க் கோவில் கட்டியது ஏன் என்றுதான் தோன்றும். முதலில் கோவில் இருந்தது, பிறகுதான் நிலம் பிரிந்து, பத்திரம் மாறி, அந்த "அடுத்தவன்" வந்தான் என்ற வரிசை யாருக்கும் தெரிவதில்லை. வழக்கு மன்றத்தில் பத்திரம் பேசும், பாட்டி பேச முடியாது. எங்கள் பழைய தோட்டத்து அம்மனை ஊர்க்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை கரகத்தோடு டவுன் பக்கம் கொண்டுவந்து வைத்தார்கள். சூலமும் பீடமும் அங்கேயே நின்றன. இப்போது அங்கே செம்பனை.

இந்த வரலாறு ஏன் எழுதப்படவில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போனவர்களின் கதை சாவின் கதை, அதனால் நெஞ்சில் நின்றது. அதையே எழுத நமக்கு நெடுங்காலம் பிடித்தது. துண்டாடலில் யாரும் சாகவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக, வேறு வேறு மாதத்தில், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. அதை ஒரு நிகழ்ச்சியாக யாரும் பார்க்கவில்லை, போனவர்கள் உட்பட. வேலை போச்சு, வீடு மாறினோம் என்றுதான் சொன்னார்கள். எனக்கும் பாட்டி சொன்ன கல்லுக் கதையும் உங்கு அஜிஸ் ஆய்வு செய்த விஷயமும் ஒன்றுதான் என்று புரிய நாளாயிற்று. அப்புறம்தான் மற்ற வீடுகளில் கேட்க ஆரம்பித்தேன்.

சுங்கை சிப்புட்டில் எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், எந்தத் தோட்டம் என்பதோடு நிறுத்தாமல் மேலே கேளுங்கள். தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் வேறொன்று. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றை வைத்து மற்றதைத் தேட முடியாது. கல் நட்டது எந்தப் பிள்ளை பிறந்த சமயம், அதற்குப் பிறகு சம்பளம் கொடுத்தது யார், எங்கே வைத்துக் கொடுத்தார்கள், லயத்தில் எத்தனை வீடு, பள்ளியில் கடைசி வாத்தியார் எங்கிருந்து வந்தார், கூட்டுறவுப் பங்கு கட்டினார்களா என்று கேளுங்கள். பழைய டின்னையும் டிரங்குப் பெட்டியையும் கிளறினால் சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா அட்டை, பள்ளிச் சான்றிதழ் ஏதாவது ஒன்று கிடைக்கும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். அந்த இடத்தின் இன்றைய லாட் (நிலத் துண்டு) எண் தெரிந்தால், சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் சேர்ந்தது என்பதால், அங்குள்ள நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பட்டாவைத் தேடிப் பார்க்கலாம். பழைய பெரிய பட்டா எப்போது ரத்தாகி, அதிலிருந்து எத்தனை துண்டு பிறந்தது என்று பின்னோக்கித் தேட அதுவே முதல் படி.